ஒளி வந்தது, ஒலி போனது

இனிமேல் இந்த வீட்டில் எந்த எந்திரத்தைத் திறந்தாலும் நான்தான் திறப்பேன் என்று முடிவு செய்தேன். முடிவை வாய்விட்டு அறிவிக்கவும் செய்தேன். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு இந்தத் திடீர் முடிவு?"

"அன்னிக்கு வாஷிங் மெஷின் நின்னுபோச்சே, அந்த மெக்கானிக் வந்து என்ன பண்ணினார்? உள்ளே கையை விட்டு என் சாக்ஸை எடுத்து வெளியே போட்டார். போட்டுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாம கூலி வேற கொடுத்தோம்."

"சாக்ஸ் உங்களோடதுதானே?"

"பார்வை அவரோடது."

அவள் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். அவளிடம் சொன்ன காரணம் அது. உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் ஒரு விமானி.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. அங்கே நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, எந்த நசுங்கல் புதுசு, எந்த நசுங்கல் பழசு என்று பிரிப்பது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் கேப்டன். முந்நூறு பயணிகளை மேகத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறேன். பெரும்பாலும் தரையில்.

எஞ்சின் சத்தம் முழுசாகக் கேட்காவிட்டால் எனக்கு விமானம் கிளம்பாது. அதற்காக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வைத்திருந்தேன். நான் புறப்படும்போது அலமாரிக் கண்ணாடி நடுங்கும். தரையிறங்கும்போது தம்ளர்கள் பேசிக்கொள்ளும். என் மனைவி அந்த விளையாட்டுக்கு "சனியன்" என்று பெயர் வைத்திருந்தாள். நான் அதைப் பயிற்சி என்பேன்.

குறை ஒன்றுதான். என் பழைய கம்ப்யூட்டரில் மேகமெல்லாம் சதுரம் சதுரமாக வரும். ஓடுதளம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கிவிட்டேன். அதை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு நியாயம் வேண்டுமே. நியாயம் தானாகவே வந்து நின்றது, என் மனைவியின் குரல் தேர்வாக.

என் மனைவி பல வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். அவள் குரலில் "வண்டி இரண்டு மணி நேரம் தாமதம்" என்று கேட்டவர்கள், இன்னும் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு நிர்வாகம் எந்திரக் குரல் ஒன்றை வாங்கி மாட்டியது. இவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டது. வீட்டில் அவள் அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை. ஆனால் பஸ் நிலையம் வழியாகப் போகும்போதெல்லாம் என்னிடம் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவாள். நிலையம் தாண்டும்வரை நிறுத்த மாட்டாள். அந்த எந்திரக் குரல் காதில் விழாமல் இருப்பதற்காக என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கும் நிறுவனம் ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் தேர்வு. கம்ப்யூட்டர் வழியாக இரண்டு பேர் வருவார்கள். இவள் வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்கிற திருத்தத்தைக் கேட்டு அங்கேயே மாற்றி வாசிக்க வேண்டும்.

"உனக்காகத்தான் இந்தக் கார்டு," என்றேன், பெட்டியை மேசைமேல் வைத்து.

"அவங்க என் குரலைத்தானே கேக்கப்போறாங்க?"

"முகமும் தெரியுமில்ல? இப்ப இருக்கிற படத்துல நீ ஒரு பக்கம் தெரியறே, உன் மூக்கு ஒரு பக்கம் தெரியுது."

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது மேல ஏன் விமானம் படம் போட்டிருக்கு?"

"வேகத்தைக் காட்டறதுக்கு."

"ஓஹோ."

திருமணமானவர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஓஹோவில் பல ரகம் உண்டு. இரண்டாவது ஓ நீளமாக வந்தால், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு சாம்பல்நிறக் காடு. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு தூசியா? கேப்டன் வருஷக்கணக்கா இதுக்குள்ளதான் பறந்துட்டு இருந்தாரா?"

தூசியை ஊதினேன். தூசி என்மேல் வந்து உட்கார்ந்தது. கார்டைச் செருகினேன். மானிட்டரின் பழைய வயரைக் கழற்றி, கார்டோடு வந்த புது வயரை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

படம் வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை. இறக்கையில் வெயில் பட்டுத் தெறித்தது. மேகம் பஞ்சாக இருந்தது. ஓடுதளம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. நான் விசையை இழுத்தேன். விமானம் எழும்பியது.

சத்தம் வரவில்லை.

இன்னும் இழுத்தேன். முந்நூறு பேரோடு விமானம் மௌன ஊர்வலம் போனது. ஒளி வந்தது, ஒலி போனது. இடையில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில் என் மானம் தொங்கியது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் சமையலறையிலிருந்து.

"புதுக் கார்டு சத்தமில்லாமத்தான் ஓடும். அதான் அதோட சிறப்பு."

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்றாள்.

அதில் ஓஹோ இல்லாததால் நான் நிம்மதியடைந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் ரகசிய விசாரணையைத் தொடங்கினேன். முதல் சந்தேகம் ஸ்பீக்கர்கள்மேல். விளக்கு எரிந்தது. வயரைப் பிடுங்கி முனையை விரலால் தொட்டால் 'உர்ர்' என்றது. ஆக அதற்கு உயிர் இருக்கிறது, என்மேல் கோபமும் இருக்கிறது. அடுத்து கம்ப்யூட்டர். திரையின் மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தைப் பார்த்தேன். சத்தம் முழுசாக வைக்கப்பட்டிருந்தது. விமானம் கிளம்பும்போது பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு குதித்துக் குதித்து ஆடியது. அதாவது கம்ப்யூட்டர் தன் அளவில் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை. அலுவலகத்தில் என் நிலைமையும் அதுவே என்பதால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

அதன் மறுநாள் இணையத்தில் தேடினேன். ஆடியோ டிரைவரை, அதாவது சத்தத்தை ஓட்டுகிற மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடு என்றது ஒரு பக்கம். போட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்பு என்றது இன்னொரு பக்கம். எழுப்பினேன். மூன்றாவது பக்கம் "எனக்கும் இதே பிரச்சினை" என்றதோடு முடிந்துவிட்டது. அந்த மனிதருக்குப் பிறகு என்ன ஆனதோ.

என் மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"என்னங்க, மறைக்காமச் சொல்லுங்க. சத்தம் போயிடுச்சா?"

"போகல. வர்ற வழியில இருக்கு."

"எவ்வளவு தாமதம்னு சொன்னா அறிவிச்சுடலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் சொல்வது இவளுக்குக் கேட்காவிட்டால் தேர்வு ஏது? ஒரு முறை எந்திரம் அவள் வேலையைப் பறித்தது. இந்த முறை எந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கடைக்காரரைக் கூப்பிடலாமா?" என்றாள்.

"வேண்டாம். சனிக்கிழமைக்குள்ள நான் சரி பண்றேன். இது என் பொறுப்பு."

"சரி. அப்போ நான் என் தொண்டையைப் பார்த்துக்கறேன். தேர்வு வரைக்கும் அடுப்புப் புகை ஆகாது. சமையல் நீங்க."

"அது நியாயம்தான். பாத்திரம்?"

"தண்ணி சில்லுனு இருக்கு. சளி பிடிச்சா குரல் போச்சு."

"வீடு பெருக்கறது?"

"தூசிங்க."

"துணி?"

"மடிக்கிறதை நான் பார்த்துக்கறேன். மெஷின்ல போடறது நீங்க. மெஷினைத் திறந்தா நீங்கதான் திறப்பீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

குற்றவாளிக்குப் பேரம் பேசும் உரிமை கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு மைக்செட்காரர் குடியிருக்கிறார். கல்யாணமோ கூட்டமோ கடை திறப்போ, ஊருக்கே அவருடைய ஒலிபெருக்கிதான். இத்தனை வருஷம் ஒலியைப் பெருக்கிப் பெருக்கி, அவர் காதில் மட்டும் அது கழிந்துகொண்டே வந்துவிட்டது. என் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை. சத்தம் என்றால் அவருக்குத் தெரியாதது இருக்காது என்று அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ளே பிரச்சினை?"

"கம்ப்யூட்டர்ல சவுண்டு வரல."

"என்ன?"

"சவுண்டு. வரல."

"ஒண்ணும் கேக்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரை விரல் கணுவால் தட்டினார். அதற்குள் வாயை வைத்து "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார். நான் அது ஸ்பீக்கர், மைக் இல்லை என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"டிரைவரை எடுத்துட்டுப் புதுசாப் போட்டுப் பார்த்தேன். அப்பவும் வரலை," என்றேன் உரக்க.

"டிரைவர் வரலையா? என் வேன் டிரைவர் இருக்கார். நிதானமான மனுஷர். அனுப்பி வைக்கவா?"

"அந்த டிரைவர் இல்லைங்க. ஆடியோ டிரைவர்."

"ஆட்டோ டிரைவரா? அவருக்கு வேன் ஓட்ட வராதே."

வாசல்படியில் என் மனைவி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருமினாள். தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மைக்செட்காரர் ஒரு காபி குடித்தார். நான் போட்ட காபி. "பெட்டி நல்ல பெட்டி, மாப்ளே. சத்தம் மட்டும்தான் இல்லை," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார். மாடிப்படியில் அவரும் என் மனைவியும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும்.

சத்தமில்லாத விமானத்தை எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது? ஊமைப்படம் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். நான் வெங்காயம் நறுக்க, கூடத்தில் அவள் சத்தமாக வாசித்துப் பழகினாள். தேர்வுக்காக அவர்கள் அனுப்பிய அத்தியாயம் அது. காணாமல்போன தன் நாயை மழையில் தேடிக்கொண்டு ஒரு தபால்காரர் தெருத் தெருவாகப் போகிறார். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டுகிறார். கடிதம் என்று நினைத்து ஓடி வந்து திறந்தவர்களிடம், நாயைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்.

என் மனைவி அந்தத் தபால்காரராக வாசித்தபோது அவர் குடை இல்லாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்த கிழவியாக வாசித்தபோது அவள் ஏமாற்றத்தை மறைத்துக்கொள்வது தெரிந்தது. வெங்காயம் அடிபிடித்துப் புகை வரும்வரை நான் கையில் கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"நாய் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"அது அடுத்த அத்தியாயம். எனக்கே அனுப்பல."

"கிடைச்சிருக்கும் இல்ல?"

"என்னங்க, ஏதோ தீயற வாசனை வருது."

இவ்வளவு நாளாக இந்தக் குரல் ஸ்பீக்கருக்குப் பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் எஞ்சின் சத்தத்தில் இருந்திருக்கிறேன். அந்த எண்ணம் அன்று முழுக்க என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சத்தம் வரவில்லை. நான் ஒரு தியாகத்துக்குத் தயாரானேன். கார்டையே பிடுங்கி எறிந்துவிட்டு, பழைய வயரை மாட்டிவிட்டால் பழையபடி ஆகிவிடும். விமானம் போகட்டும். மேகம் சதுரமாகவே இருக்கட்டும். பக்கத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"கார்டைக் கழட்டறேன். எனக்கு விமானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன் தேர்வு முக்கியம்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது.

"கழட்டாதீங்க. இப்பக் கழட்டப் போய் இருக்கிற படமும் போயிட்டா என்ன பண்றது? வைங்க கீழே."

"அப்போ சத்தம்?"

"வரும்."

"எப்படி வரும்?"

"வர்ற வழியில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கணவன்மேல் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நம்பிக்கையா? அன்று பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்தேன்.

சனிக்கிழமை காலை அவள் என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள். "குக்கர் வைக்கக் கூடாது. மிக்ஸி போடக் கூடாது. தும்மல் வந்தா பின்கட்டுக்குப் போயிடுங்க," என்று அறிவித்துவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன். இன்னும் சில நிமிஷத்தில் அவள் வெளியே வருவாள், ஒன்றும் கேட்கவில்லை என்பாள், பிறகு ஆயுள் முழுக்க அதைச் சொல்லாமல் இருப்பாள். சொல்லாமல் இருப்பதுதான் பயங்கரம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"வணக்கம் மேடம். நாங்க பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க," என்றாள் என் மனைவி.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் உருளைக்கிழங்குக் கூடை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லை.

தபால்காரர் மழையில் கிளம்பினார். கதவுகளைத் தட்டினார். ஒரு பெண்குரல் குறுக்கிட்டு, கிழவி பேசும் இடத்தை இன்னும் தணிவாகப் பார்க்கலாமா என்று கேட்டது. இவள் தணித்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சத்தம் மறுபடி போய்விட்டது என்று பதறி எழுந்தேன். போகவில்லை. அவர்களுக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். பிறகு அந்த ஆண்குரல், "இந்தப் புத்தகம் முழுசையும் நீங்களே வாசிச்சுடுங்க மேடம்," என்றது.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சிரித்தாள். பஸ் நிலையத்தை விட்டு வந்தபிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"நாய் கிடைக்குதா?" என்றேன்.

"அவங்களைக் கேட்டுட்டேன். கிடைக்குதாம், கடைசி வரியில."

நெஞ்சிலிருந்து ஒரு லாரி இறங்கிப் போன மாதிரி இருந்தது. லாரி போனதும் அந்த இடத்துக்குப் பெருமை வந்து உட்கார்ந்தது.

"கடைசியா நான் போட்ட டிரைவர்தான் வேலை செஞ்சிருக்கு," என்றேன். "சில டிரைவருங்க உடனே பிடிக்க மாட்டாங்க. ஊறணும்."

"ஆமாங்க, ஊறணும்," என்றாள் அடக்கமாக.

மத்தியானம் மாடிக்குப் போய் மைக்செட்காரரிடமும் பெருமையடித்துவிட்டு வந்தேன். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, ரொம்ப நேரம் சிரித்தார். சாயங்காலம் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வெற்றிக்கு ஒரே ஒரு சுற்றுப் பறப்பது என்று திட்டம். விசையை இழுத்தேன்.

நிசப்தம்.

"ஏய், மறுபடி போச்சு," என்று கூவினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள். அதனால்தான் காட்டினாள் என்று நினைக்கிறேன்.

"நகருங்க. இந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டினீங்களா?"

"தட்டினேனே. சத்தம் முழுசா இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்க. அதைத் தட்டணும். ரெண்டு பெயர் வருது. ஒண்ணு ஸ்பீக்கர், இன்னொண்ணு மானிட்டர். நீங்க புது வயர் மாட்டினதும், கம்ப்யூட்டர் இனிமே சத்தத்தையும் அந்த வயர் வழியா மானிட்டருக்கே அனுப்பணும்னு நினைச்சிருக்கு. இந்த மானிட்டருக்கு வாயே கிடையாது. வாங்கிக்கும், வெளியே விடாது. உங்களை மாதிரி."

அவள் ஸ்பீக்கர் என்ற பெயரைத் தட்டினாள். எஞ்சின் உறுமியது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. மறுபடி மானிட்டரைத் தட்டினாள். நிசப்தம்.

நான் குனிந்து அந்த அம்புக்குறியைப் பார்த்தேன்.

"இதை எப்போ கண்டுபிடிச்சே?"

"நீங்க கார்டு போட்டதுக்கு மறுநாள். நீங்க ஆபீஸ் கிளம்பினதும் உட்கார்ந்து பார்த்தேன். காபி ஆறறதுக்குள்ள கிடைச்சுடுச்சு."

"அப்போ தினமும்?"

"பகல்ல ஸ்பீக்கருக்கு மாத்திப் பழகுவேன். நீங்க வர்ற நேரத்துக்கு மானிட்டருக்கு மாத்தி வெச்சுடுவேன்."

"எதுக்கு?"

"சனியன் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசைங்க."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. சமையலும் மோசமில்லை."

"வேற யாருக்காவது இது தெரியுமா?"

"மேல்வீட்டு அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். அவருக்குத்தான் காது கேக்காதேன்னு. அன்னிக்குப் பார்த்து நல்லாக் கேட்டுடுச்சு."

கோபப்பட வேண்டிய இடம் இது. முயற்சி செய்தேன். வரவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, அவள் சிரிக்கிறாள், என்னால் எதுவும் கெட்டுப்போகவில்லை. கோபம் வரவேண்டிய பாதை முழுவதும் நிம்மதியே அடைத்துக்கொண்டு நின்றது. அதிலும் அவள் உள்ளே போய் ஒரு ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்காகவே வாங்கி வைத்திருந்தாளாம்.

"இதை மாட்டிக்கிட்டு எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பறங்க. வீட்டுக்கு ஒண்ணும் கேக்காது."

மாட்டிக்கொண்டேன். என்ன சத்தம். எஞ்சின் மண்டைக்குள்ளேயே ஓடியது. மலைகளைத் தாண்டினேன். கடலைத் தாண்டினேன். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தபோது அவள் கதவருகில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அறையைச் சுட்டிக் காட்டினாள். சுவரைத் தொட்டுக் காட்டினாள். என்னைக் காட்டினாள். வாயசைவு தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. கையில் முந்நூறு உயிர்கள். தரையிறங்கும் நேரம். இந்த மாதிரிச் சமயத்தில் விவரம் தெரிந்த கணவன் என்ன செய்வானோ அதை நானும் செய்தேன். புன்னகையோடு தலையாட்டினேன். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி நன்றாகவே ஆட்டினேன். அவள் சந்தோஷமாகப் போனாள். விமானம் பூப்போல இறங்கியது. அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் எனக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கண்விழித்தபோது கூடத்தில் தடதடவென்று சத்தம். மைக்செட்காரர் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். வாசலிலிருந்து தடித்தடியாகப் பஞ்சுப் பலகைகள் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. எதிரொலி இல்லாமல் இருக்கச் சுவரில் ஒட்டுவது. என் விமானச் சாமான்களெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தன.

"என்ன நடக்குது இங்கே?" என்றேன்.

"புத்தகம் வாசிக்க எனக்கு ஒரு ரெக்கார்டிங் ரூம் வேணுமே," என்றாள் மனைவி. "இந்த அறையை எடுத்துக்கட்டுமான்னு நேத்தே கேட்டேன். நீங்க எங்க உட்காரணும்கிறதையும் சொன்னேன். ரெண்டுக்கும் தலையாட்டினீங்களே."

அதற்குள் மைக்செட்காரர் என் கேப்டன் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, இதை அடுப்புக்கு இந்தப் பக்கம் போடவா, அந்தப் பக்கம் போடவா?"